ஆண்கடலுக்கு எத்தனை ரஃப்னெஸ்?

கேள்வி: "அண்ணே, எனக்கு ராமேஸ்வரம் பக்கம்தான் ஊர். கல்லூரி இறுதியாண்டுக்கு ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் தனுஷ்கோடியைச் செய்கிறேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், ஒரு கூடை மீன், பின்னால் ஓர் இடிந்த சுவர். வடிவமெல்லாம் சரியாக வந்துவிட்டது. ரெண்டர் போட்டால், அதாவது படமாக்கினால், கடல் பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி, மணல் அட்டை மாதிரி, மீன் தகரம் மாதிரி இருக்கிறது. வண்ணத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு பொருள்மேல் ஒளி படும்போது கணினி உண்மையில் என்னதான் கணக்குப் போடுகிறது?"

தம்பி, வண்ணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன் என்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஒரு பொருள் எப்படித் தெரிகிறது என்பதில் வண்ணம் கடைசியாக வந்து சேரும் விஷயம். முதலில் கேட்க வேண்டியது வேறு: வந்து விழுந்த ஒளி பொருளின் தோலிலேயே, அதாவது மேற்பரப்பிலேயே, திரும்பியதா, வயிற்றுக்குள், அதாவது உட்புறத்துக்குள், போய்விட்டுத் திரும்பியதா? நான் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். புது மெட்டீரியல் எதைத் தொட்டாலும் இன்றைக்கும் இந்த ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்கிறேன். கடலில் தொடங்கலாம்.

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேர் மேலிருந்து பார்க்கும்போது தோலில் எவ்வளவு திரும்பும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. எண்ணில் ஒன்றைக் கழித்து, எண்ணோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்து, வர்க்கம் எடுக்க வேண்டும். 0.33ஐ 2.33ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.02. நூற்றுக்கு இரண்டே பங்கு, மீதி 98 உள்ளே போய்விடுகிறது. படகு விளிம்பில் குனிந்து நேர்கீழே பார்த்தால் தரையில் பாசி அசைவது தெரிகிறதே, அது இதனால்தான்.

பார்வை நேர்கீழிலிருந்து சாயச் சாய இந்தப் பங்கு ஏறும். 60 பாகையில் 6, 80 பாகையில் சுமார் 35, 85 பாகையில் 58. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நிற்கும் ஓர் ஆளின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 20 மீட்டருக்கு அப்பால் கிடக்கும் தண்ணீரை அவர் 85 பாகைக்கு மேல் சாய்வாகத்தான் பார்க்கிறார். ஆக, தூரத்துக் கடலின் நிறம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வானத்தின் நிறம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரெனெல் எழுதிவைத்த சமன்பாடு இது. 1994இல் ஷ்லிக் என்பவர் இதற்கு ஒரு சுருக்குவழி கொடுத்தார். விளையாட்டு எஞ்சின்கள் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அது 80 பாகையில் 35க்குப் பதில் 40 என்று சொல்லும். கண்ணுக்கு அது பெரிய குற்றமாகத் தெரியாது.

இப்போது உங்கள் கோப்பைப் பார்ப்போம். நீல பேஸ் கலர் (அடிநிறம்) கொடுத்து, டிரான்ஸ்மிஷனை (ஒளி ஊடுருவும் அளவை) சுழியில் விட்டு, மேலே கொஞ்சம் பளபளப்பு வைத்திருப்பீர்கள். அதாவது வயிற்றில் நிறமிகள் நிறைந்து, உள்ளே வரும் ஒளியை எல்லாப் பக்கமும் நீலமாகத் திருப்பி அனுப்பும் ஒரு பொருள், அதன்மேல் வழுவழுப்பான தோல். தம்பி, அது பிளாஸ்டிக்கின் வரையறை! பிளாஸ்டிக் கேட்டீர்கள், கணினி பிளாஸ்டிக் கொடுத்திருக்கிறது.

தண்ணீரின் வயிற்றில் திருப்பி அனுப்பப் பெரிதாக ஒன்றுமில்லை. அது ஒளியை விழுங்குகிறது, அதிலும் சிவப்பை அதிகமாக. சுத்தமான தண்ணீரில் சிவப்பு ஒளி 3 மீட்டர் போவதற்குள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதே தூரத்தில் நீலம் நூற்றுக்கு மூன்றுகூடக் குறையாது. ஆகவே டிரான்ஸ்மிஷனை 1 ஆக்குங்கள், ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.33, வால்யூமில் (உட்புறத்தில்) அப்ஸார்ப்ஷன் (விழுங்குதல்) கொடுங்கள், அடியில் நிஜமாகவே ஒரு மணல் தரையை வையுங்கள். ஆழமில்லாத இடத்தில் அந்த இளம்பச்சை தானாக வரும். கரையோரத்தில் மண் கலங்கியிருப்பதால் சிறிதளவு ஸ்கேட்டரிங்கும் (ஒளிச்சிதறலும்) சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நீச்சல்குளம் மாதிரி ஆகிவிடும்.

அடுத்து ரஃப்னெஸ், அதாவது தோலின் சொரசொரப்பு. இதற்கு உங்கள் ஊரைவிட நல்ல பாடசாலை இல்லை. மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும் ஆண்கடல், பாக் நீரிணைப் பக்கம் அமைதியான பெண்கடல் என்று சொல்கிறோமே, இரண்டும் ஒரே தண்ணீர்தான். ஐஓஆர் ஒன்று, விழுங்கும் விதமும் ஏறத்தாழ ஒன்று. ஆனாலும் ஒரு பக்கம் சூரியன் பாய் அகலத்துக்குச் சிதறிக் கிடக்கிறது, இன்னொரு பக்கம் ஒடுங்கிய கோடாக நிற்கிறது. வேறுபாடு தோலின் சுருக்கத்தில் மட்டுமே இருக்கிறது.

கணினி இதை நுண்முகங்களாகப் பார்க்கிறது. எந்தப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கண்ணாடித் துண்டுகளால் ஆனது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. பிறகு மூன்றே கேள்விகள். எத்தனை துண்டுகள் சூரியனைச் சரியாக என் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் இருக்கின்றன? அவற்றில் எத்தனை, பக்கத்துத் துண்டின் மறைவில் சிக்காமல் இருக்கின்றன? அந்தக் கோணத்தில் ஃப்ரெனெல் சொல்லும் பங்கு எவ்வளவு? மூன்றையும் பெருக்கினால் தோலின் பதில் கிடைத்துவிடும். 1967இல் டாரன்ஸும் ஸ்பாரோவும் இயற்பியலுக்காகச் செய்த கணக்கு இது. 1980களின் தொடக்கத்தில் குக்கும் டாரன்ஸும் இதற்கு வரைகலையில் விரிவான வடிவம் கொடுத்தார்கள். அதுவரை பெரும்பாலும் 1975இல் வந்த ஃபாங் முறையைத்தான் பயன்படுத்தினார்கள். பழைய கணினிப் படங்களில் எல்லாமே பிளாஸ்டிக் பந்து மாதிரி இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று ப்ளெண்டரில் நீங்கள் பார்க்கும் ஜிஜிஎக்ஸ், துண்டுகளின் சாய்வு எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கு 2007இல் வால்டரும் கூட்டாளிகளும் முன்வைத்த சூத்திரம். நடுவில் கூர்மை, ஓரத்தில் நீண்டு தேயும் வால். நிஜப் பொருள்களின் பளபளப்பு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

கடலுக்கு ரஃப்னெஸ் எவ்வளவு என்பதை நீங்கள் குருட்டாம்போக்கில் இழுக்க வேண்டியதில்லை. காக்ஸ், மங்க் என்ற இருவர் ஹவாய்ப் பக்கம் விமானத்திலிருந்து கடல்மேல் சூரியன் மினுங்குவதைப் படம் எடுத்து, அந்த மினுக்கத்தின் அகலத்திலிருந்து அலைகளின் சாய்வைக் கணக்கிட்டு, 1954இல் வெளியிட்டார்கள். காற்றின் வேகம் நொடிக்கு எத்தனை மீட்டரோ அதை 0.00512ஆல் பெருக்கி 0.003ஐக் கூட்டினால் சாய்வுகளுடைய வர்க்கங்களின் சராசரி. பெக்மன் என்ற நுண்முகப் பரவலில் ஆல்ஃபா என்ற எண், இதன் வர்க்கமூலம். ப்ளெண்டர் ஸ்லைடரில் இருப்பது ஆல்ஃபாவின் வர்க்கமூலம். அதாவது இரண்டு முறை வர்க்கமூலம் எடுக்க வேண்டும். காற்று நொடிக்கு 2 மீட்டர் என்றால் ரஃப்னெஸ் 0.34. நொடிக்கு 10 மீட்டர் என்றால் 0.48. ஜிஜிஎக்ஸுக்கு இது துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் தொடங்க நல்ல இடம். ஆண்கடலுக்கும் பெண்கடலுக்கும் இடையில் ஸ்லைடரில் இவ்வளவு சின்ன இடைவெளிதானா என்று எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை, போட்டுப் பார்த்த பிறகுதான் வந்தது.

ஒரு பொறி இருக்கிறது, கவனம். இந்த எண் தூரத்துக் கடலுக்கு, அதாவது ஒரு பிக்ஸலுக்குள் பல அலைகள் அடங்கிவிடும் இடத்துக்கு. கேமராவுக்குப் பக்கத்தில் ஓஷன் மாடிஃபையர் (ப்ளெண்டரில் அலை செய்யும் கருவி) போட்டு அலையை வடிவமாகவே செய்திருப்பீர்கள். அங்கேயும் 0.48 வைத்தால் ஒரே சாய்வை இரண்டு முறை எண்ணியதாகிவிடும், தண்ணீர் எண்ணெய்த்தாள் போலக் கலங்கும். கிட்டே 0.05, தூரம் போகப் போக ஏறுகிற மாதிரி வையுங்கள்.

மணலுக்கு வருவோம். அலை வந்து திரும்பும் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மூன்று பட்டைகள் தெரியும். அலை இப்போதுதான் விட்டுப்போன இடம் கறுத்து, வானத்தைக் காட்டும். அதற்கு மேலே ஒரு பட்டை கறுப்பாகவே இருக்கும், பளபளப்பு மட்டும் போயிருக்கும். அதற்கும் மேலே காய்ந்து வெளுத்த மணல். பளபளப்பு சில நொடியில் வடிந்துவிடுகிறது, கறுப்பு வெகுநேரம் நிற்கிறது. ஒரே மாஸ்க்கை (எந்த இடத்தில் எவ்வளவு என்று சொல்லும் படத்தை) வைத்து இரண்டையும் ஆட்டினால் மணல் பொய்யாகத் தெரியும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

நனைந்தால் ஏன் கறுக்கிறது? தண்ணீருக்கு நிறமே இல்லையே! மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ், ஒளிவிலகல் எண் சுமார் 1.54. காற்றில் கிடக்கும்போது ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நாலரைப் பங்கு திரும்பும், மீதி உள்ளே போகும்போது நன்றாக வளையும். ஒளி பல துகள்களில் முட்டிமோதி, அதிக ஆழம் போகாமல் மேலே வந்துவிடுகிறது. இடைவெளியில் தண்ணீர் நிறைந்ததும் 1.54க்கு எதிரே நிற்பது 1.33. ஒவ்வொரு முகத்திலும் திரும்புவது நூற்றுக்கு அரைப் பங்காகச் சுருங்குகிறது, வளைவதும் குறைகிறது. ஒளி நேரே ஆழத்துக்கு நழுவுகிறது, துகள்களில் ஒட்டிய இரும்புக் கறையும் கருமணலும் அதை விழுங்கிவிடுகின்றன. தப்பி மேலே வரும் ஒளியிலும் 48.6 பாகைக்கு மேல் சாய்ந்து வருவதை நீர்ப்படலம் வெளியே விடாமல் உள்ளேயே திருப்பிவிடுகிறது. ஆக, செய்ய வேண்டியது: ஈர மாஸ்க்குக்கு பேஸ் கலரைப் பாதி அளவுக்கு இறக்குங்கள், பளபளப்பு மாஸ்க்குக்கு கோட் (மேல்பூச்சு) போட்டு, அதன் ஐஓஆரை 1.33 ஆக்கி, ரஃப்னெஸைக் கிட்டத்தட்ட சுழிக்குக் கொண்டுபோங்கள்.

இதே விஷயத்தின் மறுபக்கத்தை வாலிநோக்கம் உப்பளத்தில் பார்க்கலாம். ஒரு கல் உப்பைக் கையில் எடுத்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அம்பாரம் சுண்ணாம்பு வெள்ளை. யாரும் வெள்ளை பூசவில்லை. உப்பின் எண் 1.54 சொச்சம், ஒரு முகத்தில் நாலரைப் பங்குதான் திரும்பும், ஆனால் முகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒன்றும் விழுங்குவதில்லை. எல்லா நிறமும் முழுசாக வெளியே வந்துவிடுகிறது. அலை நுரையும் அப்படித்தான், மேகமும் அப்படித்தான். 1760இல் லாம்பர்ட் எழுதிய விதியை நாம் 'டிஃப்யூஸ்' என்கிறோமே, வயிற்றுக்குள் நடக்கும் இந்த அல்லோலகல்லோலத்தை ஒரே வரியில் சுருக்கிச் சொல்வது அது.

அந்தச் சுருக்கம் பொய்க்கும் இடங்கள் இரண்டு உங்கள் காட்சியிலேயே இருக்கின்றன. இடிந்த சுவர் பவளக்கல் என்றால் சொரசொரப்பு அதிகம். அப்படிப்பட்ட பரப்பு ஓரத்தில் லாம்பர்ட் சொல்வதுபோல் மங்காது, தட்டையாகத் தெரியும். பௌர்ணமி நிலா பந்தாகத் தெரியாமல் தட்டாகத் தெரிகிறதே, அதே கதை. ஓரனும் நாயரும் 1994இல் இதற்குத் தனிச் சூத்திரம் கொடுத்தார்கள். இன்னொன்று, மணலில் ஒரு சங்கு வைத்தால். சங்கின் வாய் ஓரம் மெல்லியது. சூரியனுக்கு எதிரே பிடித்தால் உள்ளே விளக்கு வைத்தது போல் ஒளிரும். ஒளி ஒரு புள்ளியில் நுழைந்து வேறு புள்ளியில் வெளியே வருகிறது. 2001இல் ஜென்சனும் கூட்டாளிகளும் இதை வேகமாகக் கணக்கிட வழி காட்டிய பிறகுதான் கணினி மனிதர்களின் தோல் மெழுகும் களிமண்ணுமாக இல்லாமல் தோலாகத் தெரிய ஆரம்பித்தது. ப்ளெண்டரில் சப்ஸர்ஃபேஸ் என்ற பகுதி அதற்குத்தான்.

மீன். இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விளம்பரத்துக்கு ஒரு கூடைக் காரல் செய்தேன். வெள்ளியாக மின்னுகிறதே என்று, உலோகத்தன்மையைச் சொல்லும் மெட்டாலிக் ஸ்லைடரை 1இல் வைத்தேன். விடுமுறைக்கு வந்தபோது பெருமையாக அம்மாவிடம் மடிக்கணினியில் காட்டினேன். அம்மா கரைவலை மீனை எடுத்துத் தெருத்தெருவாக விற்றவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னைக்குப் பட்ட மீனுடா இது? வெறைச்சுப்போய்க் கெடக்கு," என்றார். அவ்வளவுதான்.

அம்மா பார்த்தது என்ன என்று புரிய எனக்கு நாளானது. மீனின் வெள்ளியில் உலோகமே கிடையாது. செதிலிலும் அதன் அடித்தோலிலும் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, இடையிடையே நீர்மம். ஒவ்வொரு தகடும் கொஞ்சம்தான் திருப்பும், ஆனால் அடுக்கு ஒழுங்காக இருப்பதால் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடிக் கண்ணாடியாகிவிடுகின்றன. உப்பு அம்பாரத்தில் ஆயிரம் தோல்கள் கலைந்து கிடந்து வெள்ளையானது. இங்கே அதே மாதிரித் தோல்கள் வரிசையில் நின்று வெள்ளியாகின்றன. தகட்டின் பருமன் மாறும் இடத்தில் நிறம் புரளும், முதுகோரம் நீலமும் இளஞ்சிவப்பும் ஓடும். முத்தும் சிப்பியின் உட்புறமும் மினுங்குவதும் இந்த வகைதான். அங்கே அரகோனைட் தகடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர்.

உயிர்ப்போடு பிடித்த மீனில் இதற்கெல்லாம் மேலே ஒரு வழவழப்புப் படலம் இருக்கும். அது தண்ணீர் மாதிரியே ஒளியைத் திருப்பும், கூர்மையான வெள்ளைப் பொட்டுகளாக. நேரமாக ஆக அது காய்ந்து மங்கும், கடைசியில் கருவாட்டில் அறவே இருக்காது. என் மீனில் வெள்ளி இருந்தது, படலம் இல்லை. மீன் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்தப் படலத்தைத்தான்! இப்போது நான் செய்வது: உள்ளே மெட்டாலிக் பாதிக்கு மேல் (அது பொய், தெரிந்தே சொல்கிற பொய்), ரஃப்னெஸ் செதிலுக்குச் செதில் மாறும்படி, மேலே கோட் 1, ஐஓஆர் 1.34, ரஃப்னெஸ் 0.05. நிறப்புரட்டுக்கு ப்ளெண்டர் 4.2ஆம் பதிப்பிலிருந்து தின் ஃபிலிம் (மெல்லிய படலம்) என்ற வசதி வந்திருக்கிறது. கொஞ்சமாகப் போடுங்கள், அதிகம் போனால் சோப்புக்குமிழி.

நிஜ உலோகத்துக்கு வயிறே கிடையாது. உள்ளே போன ஒளி போனதுதான், தெரிவதெல்லாம் தோல். அதனால் தங்கமும் செம்பும் தோலிலேயே நிறத்தை வைத்திருக்கின்றன. ஆனால் துரு உலோகம் இல்லை, அது இரும்பின் ஆக்சைடு. பெயின்டும் உலோகம் இல்லை. பின்னணியில் பழைய பாம்பன் ரயில் பாலத்தை வைத்தால் மெட்டாலிக் பெரும்பாலும் சுழியில்தான் இருக்க வேண்டும். எஃகுப் பாலம் என்பதற்காக 1 வைக்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட "என்னதான் கணக்கு" என்பது. 1986இல் கஜியா என்பவர் எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் எழுதினார். ஒரு புள்ளியிலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் ஒளி, அது தானே விடும் ஒளியும், எல்லாத் திசையிலிருந்தும் அதன்மேல் விழும் ஒளியில் உங்கள் பக்கம் திரும்பும் பங்கும் சேர்ந்தது. அந்தப் பங்கைச் சொல்லும் சார்புக்கு பிஆர்டிஎஃப் என்று பெயர். இதுவரை நான் தோல், வயிறு என்று சொன்னதில் பெரும்பாலானது அதற்குள் அடக்கம்; சங்கில் போல ஒளி வேறு புள்ளியில் வெளியே வருவதற்கு மட்டும் அது போதாது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: வந்ததைவிட அதிகமாகத் திருப்பக் கூடாது, வரும் வழியையும் போகும் வழியையும் மாற்றிப் போட்டாலும் விடை மாறக் கூடாது. பழைய ஃபாங் முறையில் முதல் நிபந்தனையே காற்றில் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், மணலில் விழும் ஒளி வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை; கடலில் பட்டு, சுவரில் பட்டு, மீனில் பட்டும் வருகிறது. அவையும் மணலிலிருந்து ஒளி வாங்கியிருக்கும். முடிவில்லாத கொடுக்கல் வாங்கல். இதை முழுசாகத் தீர்க்க முடியாது, ஆகவே ப்ளெண்டரின் சைக்கிள்ஸ் மாதிரியான ரெண்டரர் ஏலம் எடுக்கிற வியாபாரி செய்வதைச் செய்கிறது. அவர் கூடையில் உள்ள ஒவ்வொரு மீனையும் எண்ணுவதில்லை. நாலு இடத்தில் கைவிட்டுப் பார்த்து விலை சொல்கிறார். ரெண்டரர் ஒவ்வொரு பிக்ஸலிலிருந்தும் சில நூறு பாதைகளைத் தற்செயலான திசைகளில் அனுப்பிச் சராசரி எடுக்கிறது. படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல், போதுமான இடத்தில் கைவிடாததன் அடையாளம். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு பாதைகள் வேண்டும், அதுதான் இதில் பெரிய கொடுமை. அதனால் எங்கே கைவிடுவது என்பதில் சாமர்த்தியம் காட்டுகிறார்கள்: வழவழப்பான தோலென்றால் கண்ணாடி திருப்பும் திசைப் பக்கமே அதிகம் அனுப்புவது, சூரியன் இருக்கும் திசைக்குத் தனியாகச் சில அனுப்புவது, இரண்டையும் எடைபோட்டுச் சேர்ப்பது. இந்த எடைபோடும் முறையை 1995இல் வீச்சும் கிபாஸும் கொடுத்தார்கள். இன்றைய பாதை ரெண்டரர்களில் அது இல்லாததைக் காண்பது அரிது.

ஆழமில்லாத தண்ணீரின் அடியில், மணல்மேல் வலை மாதிரி ஆடும் ஒளிக்கோடுகளை இந்த முறையில் பிடிப்பது கடினம். சூரியனின் விட்டம் வானத்தில் அரைப் பாகைதான்; மணலிலிருந்து மேலே போகும் ஒரு பாதை அலையில் வளைந்து அந்தப் பொட்டைத் தற்செயலாகத் தொட வேண்டும். ஒளியை மூலத்திலிருந்து அனுப்பிப் படியவைக்கும் ஃபோட்டான் முறை 1990களின் நடுவில் ஜென்சனிடமிருந்து வந்தது, அது இதற்கு நல்ல மருந்து. உங்கள் கெடு நெருங்குகிறது என்றால் அசையும் ஒரு வலைப்படத்தைச் சூரிய விளக்கின் முன் மாட்டிவிடுங்கள். நாங்களும் சில சமயம் அதைத்தான் செய்கிறோம்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். காட்சி எந்த மாதத்தில் நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலம் என்றால் மேலே சொன்னபடி மன்னார்ப் பக்கம் 0.48, பாக் பக்கம் 0.34 வையுங்கள். வாடைக்காலம் என்றால் இரண்டையும் அப்படியே மாற்றிப் போட வேண்டும், அப்போது ஆடுவது பெண்கடல். வானமும் மேகம் போர்த்தியிருக்கும், சூரியக் கோடே இருக்காது. இந்த எண்களில் பாதி கண்ணுக்குத் தெரியவே தெரியாது.